'ஏலே'வுக்குப் பெண்பால்

அந்த மார்கழி முழுக்க நான் ராஜபாளையத்தில் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன். மாலத்தீவில், வரைபடத்தில் பேனா முனை பட்ட அளவுகூடத் தெரியாத ஒரு தீவில், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு இன்னும் இரண்டு வருஷம் உண்டா இல்லையா என்று ஒரு கடிதம் வரவேண்டும். இல்லை என்று வந்தால் அதற்குக் காரணம் என் இலக்கணமோ உச்சரிப்போ அல்ல. எங்கள் ஊர்ச் சொல் ஒன்று. சரியாகச் சொன்னால் இரண்டு.

முதலிலிருந்து சொல்கிறேன்.

பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்த சூட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆங்கிலவழி நர்சரிப் பள்ளியில் சேர்ந்தேன். எண்பதுகள் முடிந்துகொண்டிருந்த நேரம். தெருவுக்குத் தெரு நர்சரிப் பள்ளி முளைத்துக்கொண்டிருந்தது. ராஜபாளையத்திலிருந்து தினமும் காலை பஸ். மில்லில் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கி விழுகிறவர்களுக்கு நடுவில் நான் மட்டும் டிக்ஷனரி வாசித்துக்கொண்டு போவேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஒருமுறை பக்கத்துச் சீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, “கதை நல்லாப் போகுதா தாயி?” என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

பள்ளியின் தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய மிஸ் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே தமிழ் கூடாது என்பது அவருடைய சட்டம். அதற்கு ஒரு பாபின் வைத்திருந்தார். நூல் சுற்றும் மரக்கட்டைதான். அப்பா மேஸ்திரியாக இருந்த மில்லில் கழித்துப் போட்டதை நானே கொண்டுவந்து கொடுத்தேன். தமிழ் பேசிய பிள்ளையின் கைக்கு அந்தப் பாபின் போகும். அடுத்து யார் வாயில் தமிழ் வருகிறதோ அவர்களிடம் அதைத் தள்ளிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு இம்பொசிஷன்.

நியாயப்படி அந்தப் பாபின் என் கையில்தான் நிரந்தரமாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்து நிற்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் கை ஆங்கிலம் எழுதும். முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தால் வாய் தன்பாட்டுக்கு “ஏலே” என்று அதட்டும். பெண் குரலாக இருந்தால் “ஏட்டி”. நான் சொன்னது எனக்கே கேட்காது. எங்கள் பக்கத்தில் பையன்களைக் கூப்பிடுவதற்கும் அதட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் ஏலே ஒன்றுதான், பெண்பிள்ளைகளுக்கு ஏட்டி. எங்கள் வீட்டில் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ வெளியாள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெரிய மிஸ் ஒருநாள் வராந்தாவில் நின்று இதைக் கேட்டுவிட்டார். அறைக்குக் கூப்பிட்டு, கோபப்படாமல், நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: பிள்ளைகளைப் பார்க்கும்போது நீ லண்டன், போர்டைப் பார்க்கும்போது ராஜபாளையம். பள்ளிக்குள் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழுந்து நான் கேட்டதில்லை. பாபினுக்குப் பயந்து நடந்த ஒரே ஆள் அவர்தான் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

மாலத்தீவுக்கு ஆசிரியர்கள் தேவை, திருவனந்தபுரத்தில் நேர்முகத் தேர்வு என்று செய்தித்தாளில் வந்த அன்றே விண்ணப்பம் போட்டுவிட்டேன். யோசித்துவிட்டுச் செய்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் அட்லஸை விரித்து எல்லோரும் அந்தத் தீவைத் தேடினார்கள். “நம்ம தெப்பக்குளம் இத விடப் பெருசு போலயே” என்றார் அப்பா. அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் இட்லிப்பொடி இடித்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தம்பி, டேப்ரெக்கார்டர் வாங்கிவந்தால் போதும், அக்கா வராவிட்டாலும் பரவாயில்லை என்றான்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தமிழே காதில் விழாத ஊரில் இருந்தால் என் ஏலேயும் ஏட்டியும் தானாகவே காய்ந்து உதிர்ந்துவிடும்.

தலைநகரிலிருந்து படகில் ஒரு முழுப்பகல் போனால் என் தீவு. இந்தக் கரையில் நின்று பார்த்தால் தென்னைகளுக்கு இடையில் அந்தக் கரை தெரியும். பள்ளிக்கு நான்கு அறைகள், பவளக்கல் சுவர், மணல் தரை. சன்னலுக்கு வெளியே கடல். காற்று எப்போதும் ஒரே பக்கமிருந்து அடிக்கும், ஆகையால் சாக்பீஸ் தூள் முழுக்க என் இடது தோளில்தான் இருக்கும். வெள்ளைச் சீருடையில் இருபத்தாறு பிள்ளைகள். காலையில் பாடம், மத்தியானம் மீன், மாலையில் மறுபடி பாடம். ராத்திரிக்கும் மீன். கொண்டுபோன இட்லிப்பொடி ஒரு மாதம் வந்தது. அதற்குப் பிறகு நானும் மீன் வேகவைத்த தெளிந்த சாற்றைச் சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, அந்த ஊர்க்காரியைப் போலவே சாப்பிடப் பழகிவிட்டேன்.

பாடப்புத்தகத்தில் ரயில் இருந்தது, ஆறு இருந்தது, மலை இருந்தது. பிள்ளைகள் இவற்றில் எதையும் பார்த்ததில்லை. நாய்கூட அந்தத் தீவில் கிடையாது. நாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தவள் நான். அந்தப் பெருமையோடு வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாயைப் பலகையில் வரைந்தேன். ஆடு என்றார்கள். மலையை எப்படி விளக்குவது என்று தெரியாமல், எங்கள் வீட்டு மாடியிலிருந்து மேற்கே தெரிகிற மலைத்தொடரை அப்படியே கோடாக இழுத்தேன். முன்பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பத்து வயது. எதற்கும் ‘ஏன் மிஸ்?’ கேட்காமல் விடமாட்டாள். அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்: “விழாமல் நிற்கிற அலை.” அன்றைக்கு நான் தீவை இரண்டு தடவை சுற்றி நடந்தேன். சும்மா இருக்க முடியவில்லை.

ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் படகுத்துறையில் நிற்கிறேன். பள்ளிக்கே வராத சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவனைக் கூப்பிட்டான்: “ஏலே.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவர்களுடைய திவேஹி மொழியில் ஏலே இருக்கிறது. எந்தக் காலத்திலோ நம் கரையிலிருந்து யாரோ பாய்மரத்தில் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள், சொல் மட்டும் தங்கிவிட்டது. அன்றே அப்பாவுக்கு ஏழு பக்கம் எழுதினேன். சொல்லாராய்ச்சி, கடல் வாணிபம் எல்லாம் அதில் வந்தது. கையில் ஒரு புத்தகம்கூட இல்லாமல் அவ்வளவும் எழுதினேன் என்பது இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அப்பா அதை மில் கேன்டீனில் சத்தமாக வாசித்திருக்கிறார். பதில் வந்தது. மற்றச் செய்திகளுக்குக் கீழே ஒரு வரி: “ராசாக்க போனாவளோ என்னமோ, நம்ம ஊர்க்காரவுக யாரோ ஒருத்தர் அங்க கண்டிப்பாப் போயிருக்காவன்னு கேன்டீன்ல பேசிக்கிடுதாவ.”

கேன்டீன் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அந்த ஒருத்தர் யார் என்பது எனக்குத்தான் தெரியவில்லை.

வருஷக் கடைசியில் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். ஆண்பாலுக்குப் பெண்பால் எழுதவேண்டும். அரசன், அரசி. சேவல், கோழி. சிங்கம், பெண்சிங்கம். கடைசிக் கேள்வி, நீங்களாக ஒரு ஜோடி எழுதுங்கள். தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர், ஆங்கில எழுத்தில், ஏலே – ஏட்டி என்று எழுதியிருந்தார்கள். எழுத்துக்கூட்டல்தான் ஆளுக்கு ஒரு விதம். ஒரு பையன் மட்டும் லயன், லயனெஸ் என்கிற விதியைப் பிடித்துக்கொண்டு, ஏலே – ஏலெஸ் என்று எழுதியிருந்தான். அவன் ஒருத்தன்தான் இலக்கணத்தை மதித்தவன்.

முன்பெஞ்சுக்காரியைக் கூப்பிட்டு, இது உங்கள் பாஷையா என்று கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். இல்லை மிஸ், இது இங்கிலீஷ், நீங்கள் சொல்லிக்கொடுத்தது என்றாள். நான் எப்போது சொல்லிக்கொடுத்தேன்? அவள் எழுந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். இல்லாத பலகையில் இல்லாத சாக்பீஸால் எழுதினாள். தலையைத் திருப்பாமல், கையை நிறுத்தாமல், “ஏலே” என்றாள். அச்சு அசல் எங்கள் அம்மாவின் குரல்.

அவர்கள் பார்வையில் அது ஆங்கிலத்திலேயே வலுவான சொல். மிஸ் சொன்னதும் வகுப்பே அடங்குகிறது. அந்த ஒரு சொல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து அது படகுத்துறைக்குப் போயிருக்கிறது. அங்கே அதைக் கேட்டுத்தான் நான் ஏழு பக்கம் எழுதியிருக்கிறேன்.

சிரிக்க நேரமில்லை. மூன்றாம் நாள் தலைநகரிலிருந்து மேற்பார்வையாளர் வருகிறார் என்று தலைமையாசிரியர் தகவல் சொன்னார். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு முதல் வருஷம் சோதனைக் காலம். அவர் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்ப்பார். அவர் எழுதுவதை வைத்துத்தான் வேலை நீடிக்குமா என்று முடிவாகும். முடிவு விடுமுறையில் வீட்டு முகவரிக்கு வரும். எனக்கோ அந்தத் தீவை விட்டுப்போக மனசே இல்லை. விழாத அலையைச் சொன்ன பெண் அடுத்த வருஷம் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படிப் போவது?

இரண்டு நாள் அந்த இரண்டு சொற்களையும் அழிக்கப் பாடுபட்டேன். ஏலே இங்கிலீஷ் இல்லை, எக்ஸ்கியூஸ் மீ என்று சொல்லுங்கள் என்றேன். எக்ஸ்கியூஸ் மீ தெரியாதவர்களிடம் சொல்வது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் மிஸ் என்றாள் முன்பெஞ்சுக்காரி. தெரிந்தவர்களைக் கூப்பிட என்ன இங்கிலீஷ்? பெயர் சொல்லிக் கூப்பிடலாமே என்றேன். பெயர் தெரியும் மிஸ், ஆனால் ஏலே என்றால்தான் ஓடிவருவான் என்றாள்.

மேற்பார்வையாளர் மெலிந்த மனிதர். சிரிப்பே இல்லை. பின்பெஞ்சில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் பவளக்கல் சுவர் மாதிரி உறைந்துபோனார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் இரண்டு நாள் பாடம் அவர்களுக்கு ஒன்றை நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது: பேசினால் தப்பு வரும். பின்பெஞ்சில் பேனா எழுதும் சத்தம் எனக்குக் கேட்டது. கேள்வியையாவது எழுதிப்போடலாம் என்று பலகைப் பக்கம் திரும்பினேன். பாதி வாக்கியத்தில் சாக்பீஸ் உடைந்தது. குனியாமல், திரும்பாமல், வாய் சொல்லிவிட்டது.

“ஏலே, பேசுங்கலே.”

முதன்முதலாக அன்றைக்குத்தான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த நொடி வகுப்பு உடைந்துகொண்டு கொட்டியது. நேற்று அப்பா பெரிய மீன் பிடித்தார். நேற்று என் தம்பி மரத்திலிருந்து விழுந்தான். நேற்று எங்கள் வீட்டுக் கோழி காணாமல் போச்சு, நான் தேடினேன். இறந்த காலம் பாதிப் பேருக்கு நிகழ்காலமாக வந்தது, யாரும் கவலைப்படவில்லை. ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கினார்கள். முன்பெஞ்சுக்காரி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து, “ஏட்டி, இது என் முறை” என்றாள்.

மேற்பார்வையாளர் கையைத் தூக்கினார். ஏட்டி என்றால் என்ன என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அவள் எழுந்து நின்று விளக்கிவிட்டாள். ஏலே பையன்களுக்கு, சார். ஏட்டி பெண்களுக்கு. பெரியவர்களுக்குச் சொல்லக் கூடாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “தலைமையாசிரியருக்கு அவர் இல்லாதபோது சொல்லலாம்” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். அது ஆங்கிலம் இல்லை, என் ஊர்ப் பேச்சு, நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், பக்கம் திருப்பி எழுதினார். சாயங்காலப் படகில் போய்விட்டார்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது வீடே சிரித்தது. அப்பா மட்டும், அந்த ஏழு பக்கத்தை இனி கேன்டீனில் என்ன செய்வது என்று கவலைப்பட்டார். தம்பி தினமும் தபால்காரர் போன பின்பு ஒரு தடவை கேட்பான், “என்னக்கா, ஏலெஸ் கடிதாசி வந்துச்சா?” டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டே கேட்பான்.

கடிதம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பெரிய மிஸ்ஸைப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொண்டார். போர்டைப் பார்க்கும் ராஜபாளையம் கடல் தாண்டியும் போய்விட்டதா என்றார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலையை விட்டுப் போகிறார். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் அவரால் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது. சரிதானே. அவருடைய வகுப்பிலும் டீச்சருக்காகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

பொங்கல் வந்தது, போனது. பள்ளி திறக்கும் நாள் காலையில் பழைய டிக்ஷனரியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சரி என்று சொல்லத்தான் போனேன். அம்மாவின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. பஸ் கிளம்பி, முன் சக்கரம் ரோட்டில் ஏறும்போது பக்கவாட்டில் சைக்கிள் வந்தது. தம்பி. தபால்காரரை வழியில் மடக்கியிருக்கிறான். ஓட்டிக்கொண்டே சன்னல் வழியாகக் கடிதத்தை நீட்டினான். “ஏட்டி, பிடி” என்றான். அக்காவை ஏட்டி என்று சொன்னதற்கு வேறு நாளாக இருந்தால் அடி விழுந்திருக்கும்.

நின்றுகொண்டே பிரித்தேன். உள்ளே இரண்டு தாள்கள். முதல் தாளில், வேலை இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. கீழே மேற்பார்வையாளரின் குறிப்பை அப்படியே தட்டச்சு செய்திருந்தார்கள். இந்த வகுப்பில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகிறார்கள், தப்பாகப் பேசினாலும் பயப்படாமல் பேசுகிறார்கள், இந்த வருஷம் நான் போன வேறு தீவுகளில் இதைக் கேட்கவில்லை. இரண்டு சொற்கள் ஆங்கிலம் அல்ல. அவற்றை ஆசிரியை அடுத்த பருவத்துக்குள் நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது தாள் முன்பெஞ்சுக்காரியினுடையது, தலைமையாசிரியர் மூலம் இந்த உறைக்குள் வந்து சேர்ந்திருந்தது. அன்புள்ள மிஸ், அந்த இரண்டு சொல்லும் இங்கிலீஷ் இல்லையென்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வகுப்பில் இனிமேல் சொல்லமாட்டோம். விளையாடும்போது நிறுத்த முடியவில்லை. அதற்குச் சரியான இங்கிலீஷ் சொல்லை உங்கள் ஊரில் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பக்கத்துச் சீட்டில் இருந்தவர் நல்ல செய்தியா என்று கேட்டார். வேலை கிடைச்சிருக்கு என்றேன். எங்கே என்றார். “கடலுக்கு அந்தப் பக்கம்ணே.” “அம்புட்டுத் தூரமா?” என்று என்னை உட்காரச் சொல்லி எழுந்துகொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெரிய மிஸ் மூன்றாம் வகுப்பை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று அனுமதி கேட்டு உள்ளே போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கடிதத்தைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தாளையும் வாசித்தார். முதலாவதை ஒரு தடவை, இரண்டாவதை இரண்டு தடவை. மூன்றாம் வகுப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா என்றார். என் டிக்ஷனரியில் பக்கம் பக்கமாகத் தேடியும் கிடைக்கவில்லை, அந்தப் பெண் கேட்கிற சொல் என்னவாக இருக்கும் மிஸ் என்று கேட்டேன். முப்பது வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். என் டிக்ஷனரியை வாங்கி அவரும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை, அவர்களுக்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது என்றார்.

பிறகு கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதப் பலகைப் பக்கம் திரும்பினார். நான் வாசலைத் தாண்டிவிட்டேன். வராந்தாவில் காற்று வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி, போற போக்குல கதவச் சாத்திட்டுப் போ.”

திரும்பிப் பார்த்தேன். சாக்பீஸ் பிடித்த கை எழுதிக்கொண்டே இருந்தது. மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை மட்டும் மெல்ல எழுந்தாள். காலையிலிருந்து தன்னிடமே இருந்த பாபினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரிய மிஸ்ஸின் முதுகை நோக்கி ஓரடி வைத்தாள்.